டெபாசிட் போனவரிடமும் கேள்வி உண்டு!

– மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் துறை
(மீன்சுருட்டி)



ஆண்டு மலர் என்றால் நட்புக் கவிதை வரும். அம்மா கவிதை வரும். "பிரிவோம் சந்திப்போம்" என்று இறுதியாண்டு அண்ணன்கள் எழுதுவார்கள். நடுவில் ஒருத்தி பார்லிமெண்ட் தேர்தலைப் பற்றி எழுதினால் பக்கத்தைத் திருப்பத்தான் தோன்றும். திருப்பிவிடாதீர்கள். எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க இதை எழுதவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நாம் என்ன கேட்க வேணும் என்பதுதான் என் கவலை.

2024 ஏப்ரல் 19 அன்று நம் சிதம்பரம் தொகுதியில் வாக்குப்பதிவு. எனக்கு அப்போது பதினாறு வயசு. ஓட்டு இல்லை. ஆனால் காது இருந்ததே! முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்திலும், நூறு நாள் வேலைக்குப் போகிற வழியிலும், டீக்கடை பெஞ்சிலும் பேசியதை எல்லாம் கேட்டேன். தி.மு.க. கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். அ.தி.மு.க.வில் சந்திரகாசன். நாம் தமிழரில் ஜான்சிராணி. பா.ஜ.க.வில் வேலூர் மாநகராட்சியின் முன்னாள் மேயர் கார்த்தியாயினி, தாமரைச் சின்னத்தில்.

நான் பேச வந்தது இந்த நாலாவது வேட்பாளரைப் பற்றி.

பழமை, மரபு, கோவில், தேசம் என்று பேசுகிற கட்சியை அரசியல் புத்தகத்தில் பழமைவாதக் கட்சி என்று எழுதுவார்கள். அப்படி ஒரு கட்சியின் வேட்பாளராக, பதவியில் இருக்கிற எம்.பி.யை எதிர்த்து, ஒரு பெண் இந்தத் தனித்தொகுதியில் வந்து நிற்கிறார். ஊரில் அவரைப் பற்றி நான் கேட்ட கேள்விகள் மொத்தம் மூன்று. "எந்த ஊரு?" "எந்த ஆளு?" "டெபாசிட் வாங்குமா?" அவ்வளவுதான்! அவர் என்ன சொல்கிறார், சொல்வது சரியா தப்பா என்று நாலாவது கேள்வி வரவே இல்லை. ஆதரித்தவர்களும் கேட்கவில்லை, எதிர்த்தவர்களும் கேட்கவில்லை.

ஜூன் 4ந் தேதி முடிவு வந்தது. திருமாவளவன் 5,05,084. சந்திரகாசன் 4,01,530. கார்த்தியாயினி 1,68,493. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய பணம் திரும்பும். இவருக்கு அந்த அளவு வரவில்லை. தனித்தொகுதி வேட்பாளருக்கு டெபாசிட் 12,500 ரூபாய். அது போனது. "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று பேச்சும் முடிந்தது.

எனக்கு முடியவில்லை நண்பர்களே. ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பேர் ஒரு சின்னத்தில் விரல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் நம் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். நம் கூடப் படிக்கிற பையனின் அப்பா அம்மாவும் அதில் இருக்கலாம். அவர்கள் ஏன் போட்டார்கள் என்று கேட்காமலே "வீண் ஓட்டு" என்று சொல்லிவிட முடியுமா?

தோற்றவர்கள் எல்லாம் சும்மாவா?

"ஜெயிக்கிறவங்களுக்குப் போட்டாத்தாண்டி ஓட்டுக்கு மரியாதை" என்பது எங்க அம்மாவின் கட்சி. அம்மாவுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவராக இருந்த அம்பேத்கர் 1952 மக்களவைத் தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அதனால் அவர் சொன்னது வீணாகிவிட்டதா? பெருந்தலைவர் காமராஜரை 1967ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் எதிர்த்து நின்றவர் ஒரு மாணவர் தலைவர், பெ. சீனிவாசன். யார் நினைத்தார்கள் அவர் ஜெயிப்பார் என்று?

நம் தொகுதிக்கே வருவோம். 2009ல் திருமாவளவன் ஜெயித்தார். 2014ல் அ.தி.மு.க.வின் சந்திரகாசி அவரை ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ஓட்டுக்கு மேல் தோற்கடித்தார். 2019ல் மறுபடி திருமாவளவன், வெறும் 3,219 ஓட்டு வித்தியாசத்தில்! குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் என்று ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்ததுதான் நம் மக்களவைத் தொகுதி. 3,219ஐ ஆறால் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஐந்நூற்று முப்பத்தேழு பேர். நம் பாலிடெக்னிக்கில் ரெண்டு டிபார்ட்மெண்ட்டைச் சேர்த்தால் அந்தக் கணக்கு வந்துவிடாதா? வீண் ஓட்டு என்று ஒன்றும் கிடையாது.

பழமைவாதி என்பது திட்டா?

நம் வகுப்பில் சிலர் அந்த வார்த்தையை வசவு மாதிரி சொல்கிறார்கள். சிலர் மார்தட்டிச் சொல்கிறார்கள். இரண்டும் அவசரம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

1959ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தார். காங்கிரஸ் உச்சத்தில் இருந்த காலம். எதற்கெடுத்தாலும் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கு, பர்மிட் வாங்கு என்றால் தொழில் வளராது, லஞ்சம்தான் வளரும் என்று அந்தக் கட்சி சொன்னது. 1962 மக்களவைத் தேர்தலில் 18 இடம் கிடைத்தது. 1967ல் 44 இடம் வாங்கிப் பெரிய எதிர்க்கட்சியானது. 1974ல் கட்சியே கலைந்து வேறு கட்சியில் சேர்ந்துவிட்டது. தோற்ற கட்சிதான். ஆனால் 1991ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது யார்? அதே காங்கிரஸ் அரசாங்கம். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, தோற்றவர் சொன்னதை ஜெயித்தவர் செய்தார்!

சரி, அப்போ ராஜாஜி சொன்னது எல்லாம் சரியா? அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953ல் ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்வது. ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். எதிர்ப்புப் பெரிதாகி 1954ல் அவர் பதவி விலகினார். காமராஜர் வந்தார், அந்தத் திட்டம் போனது.

எங்க அப்பா சுமை தூக்குகிறவர். தாத்தா பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் மீதி நேரத்தில் எங்க தாத்தா பிள்ளைகளுக்கு என்ன தொழிலைக் கற்றுக்கொடுத்திருப்பார்? அடுத்தவர் வயலில் குனிவதைத்தான்! அப்புறம் நான் எங்கே இண்டக்ஷன் மோட்டாரைத் தொடுவது?

ஆக, ஒரே மனிதர் லைசென்ஸ் விஷயத்தில் முன்னால் பார்த்தார், பள்ளிக்கூட விஷயத்தில் பின்னால் இழுத்தார். அதனால்தான் சொல்கிறேன்: ஆளுக்கு முத்திரை குத்தாதே, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்துப் பார்.

நோ லோடு டெஸ்ட் போதாது

நம் மெஷின்ஸ் லேபில் எல்லாரும் செய்கிறோமே, அதை வைத்துச் சொல்கிறேன். மோட்டார் ஷாஃப்டில் லோடு எதுவும் இல்லாமல் ஓட்டினால் கிட்டத்தட்ட 1500 சுற்று ஜம்மென்று ஓடும். பிரேக் டிரம்மில் பெல்ட்டை இறுக்கி, ஸ்பிரிங் பேலன்ஸில் எடையை ஏற்ற ஏற்றத்தான் வேகம் இறங்கும், கரண்ட் ஏறும், அதன் உண்மையான திறன் தெரியும்.

பதவியில் இருக்கிறவருக்கு ஐந்து வருஷமாக லோடு ஏறியிருக்கிறது. அவர் லட்சணம் தெரியும். எதிர்த்து நிற்கிறவர் லோடு இல்லாத மோட்டார். மேடையில் எவ்வளவு வேகமாகவும் ஓடலாம். அவருக்கு லோடு கொடுக்க வேண்டியது யார்? கேள்வி கேட்கிற நாம்தான். "தோற்கப் போறவங்கதானே, விடு" என்றால் டெஸ்ட் செய்யாமலே சர்ட்டிபிகேட் எழுதுகிற வேலை. நாளைக்கு அதே கட்சி ஜெயித்தால் அப்போது முழிக்கப் போவது நாம்.

என்ன கேட்கலாம்? பழமையைக் காப்போம் என்று வருகிறவரிடம் கேட்க என்னிடம் நாலு கேள்வி இருக்கிறது.

முதல் கேள்வி. அந்தப் பழமையில் எனக்கு இடம் இருந்ததா? நம் தொகுதியின் பெயரே சிதம்பரம். நடராஜரைப் பார்க்க நந்தனார் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சென்னை மாகாணத்தில் கோவில் நுழைவை உரிமையாக்கிய சட்டம் 1947ல்தான் வந்தது. அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ல் நந்தனார் பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக் கழகம் தொடங்கினார். அவர் பக்தியை விடவில்லை, பள்ளிக்கூடத்தையும் விடவில்லை. பழமையில் எதை வைத்துக்கொள்ளணும், எதை விடணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வேட்பாளருக்குத் தெரியுமா? தெரிந்தால் பட்டியல் போட்டுச் சொல்லட்டும்.

இரண்டாவது கேள்வி. சர்க்கார் குறையணும் என்றால் எந்தச் சர்க்கார்? ஒரு சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு அலுவலகத்து வராந்தாவில் நின்றார். அப்போது "இந்த சர்க்காரே வேண்டாம்" என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மாசம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் பணம் என் பேங்க் கணக்கில் ஏறுகிறதே, அதுவும் சர்க்கார்தான். அரசுப் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன டீச்சருக்குச் சம்பளம் கொடுத்ததும், அம்மாவுக்கு நூறு நாள் வேலை கொடுத்ததும் சர்க்கார்தான். எங்களைக் காக்க வைப்பதும் அதுதான், படிக்க வைப்பதும் அதுதான். காக்க வைப்பதைக் குறைப்பேன் என்றால் கை தட்டுவேன். படிக்க வைப்பதைக் குறைப்பேன் என்றால் எழுந்து நின்று கேட்பேன். தனித்தொகுதிக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அவர் நிலை என்ன, நம் மாவட்டத்துக் குழுமூர் அனிதா 1176 மதிப்பெண் வாங்கியும் 2017ல் உயிரை விட்டாரே, அந்த நீட் விஷயத்தில் அவர் நிலை என்ன என்பதும் இந்தக் கேள்விக்குள்ளேயே வரும்.

மூன்றாவது கேள்வி. ராஜேந்திர சோழன் பெருமை எங்களுக்கு என்ன கொண்டு வரும்? நம் ஊருக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆன கோவில். 2025 ஜூலை 27 அன்று ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் மோடியே வந்தார். நாணயம் வெளியிட்டார். சிலை வைப்போம் என்றார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ராஜேந்திரன் கோவில் மட்டும் கட்டவில்லை, ஏரியும் வெட்டினான். சோழகங்கம் என்ற அந்த ஏரியைப் பொன்னேரி என்கிறோம். பழமை என்றால் அந்த ஏரியும் சேர்த்தி இல்லையா? ஜெயங்கொண்டத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. ரயில் மத்திய அரசின் கையில். 1990களில் பழுப்பு நிலக்கரி மின் திட்டம் வருது என்று ஜெயங்கொண்டம் பக்கம் விவசாயிகள் நிலத்தை எடுத்தார்கள். திட்டம் வரவில்லை. வருஷக்கணக்கில் கோர்ட்டும் வழக்குமாக அலைந்தார்கள். பக்கத்து நெய்வேலி நிறுவனம் மத்திய அரசுடையது. அங்கே டிப்ளமோ படித்த நம் பிள்ளைகளுக்கு அப்ரண்டிஸ் முடிந்தபின் என்ன வழி? சிலை வைக்கட்டும், கூடவே இதற்கும் பதில் சொல்லட்டும்.

நாலாவது கேள்வி. தோற்றபின் எங்கே இருப்பீர்கள்? எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும் இதைக் கேட்க வேணும். எதிர்த்து நிற்பது ஒரு மாசத்து வேலை என்று நினைக்கிறார்கள். அது ஐந்து வருஷத்து வேலை. லட்சத்துக்கு மேல் பேர் நம்பிப் போட்ட ஓட்டுக்கு டெல்லியில் நாற்காலி கிடைக்காவிட்டால் என்ன? ஊரில் ஒரு பெஞ்சாவது போட்டு உட்கார்ந்து, ஜெயித்தவர் சொன்னதைச் செய்தாரா என்று கணக்குக் கேட்கலாமே! அப்படி ஒருவர் இருந்தால், எனக்கு அவர் கொள்கை பிடிக்காவிட்டாலும் மரியாதை கொடுப்பேன்.

ஒரு பெண் என்பதால்...

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நாலு பேரில் ரெண்டு பெண்கள் நின்றது எனக்குச் சந்தோஷம். 2009 முதல் நாலு தேர்தலாக நம் தொகுதியில் ஜெயித்தவர் எல்லாம் ஆண்கள். பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். மின்னியல் பிரிவில் பொண்ணு எதுக்கு, கம்பத்தில் ஏறுவாளா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அதனால் ஒரு பெண் மேயராக இருந்து, பிறகு எம்.பி. தேர்தலில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் பெண் என்பதற்காக மட்டும் ஓட்டு என்றால் "நம்ம ஆளு" என்பதற்காக மட்டும் ஓட்டு என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கார்த்தியாயினி அவர்கள் கட்சி சொல்கிற பல விஷயங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் ஒரே அச்சு என்பது என் மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று நினைக்கிறேன். ஆனால் அவரை ஒரு வேட்பாளராக மதித்து, அவர் சொல்வதைக் கேட்டு, அப்புறம் மறுக்கணும். "டெபாசிட் போச்சு" என்று சிரித்து முடிப்பது மறுப்பு ஆகாது.

நம்மால் என்ன ஆகும்?

"நம்ம ஆளு" கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டம் கண்ணால் பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று, பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. எவர் எம்.பி. ஆனாலும் அந்த ஓடுகளும் கதவுகளும் உடைந்தது உடைந்ததுதானே? தனித்தொகுதி என்றால் நிற்கிறவர்தான் பட்டியல் இனத்தவர். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாச் சாதியும். அதாவது ஒருவர் இன்னொருவர் தெருவுக்கு வந்து கும்பிட்டுத்தான் ஆகணும். அந்தக் கும்பிடு கூட்டணிக் கணக்கோடு முடிந்தால் பொன்பரப்பி திரும்ப வரும். கேள்வியும் பதிலுமாக மாறினால் வராது.

நம் ஒர்க்ஷாப்பில் ஒரே வைஸை ரெண்டு தெருப் பிள்ளைகளும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கிறோம். தேர்தல் மாசம் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த ஒரு மாசத்தில்தானே அதிகம் பேசணும்?

ஆகவே என் சின்ன வேண்டுகோள்கள்:

பதினெட்டு ஆனவர்கள் முதலில் பெயரைப் பட்டியலில் சேருங்கள். ஓட்டு வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டு ஆக்கியது 1989ல். நமக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கிடைக்காதது நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. இப்போது வருஷத்துக்கு நாலு தேதிகளை வைத்து வயசு பார்க்கிறார்கள், ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

வேட்பாளர் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நம் படிப்பு வீட்டுக்குச் செய்கிற முதல் உபகாரமாக அது இருக்கட்டும்.

நம் மாணவர் பேரவை அடுத்த மக்களவைத் தேர்தலுக்குள் கேள்வித்தாள் ஒன்று தயாரிக்கலாம். பத்துக் கேள்வி போதும். எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாள். ஜெயிக்கப் போகிறவருக்கும் அதே, டெபாசிட் போகப் போகிறவருக்கும் அதே. யார் பதில் எழுதினார், யார் வெறும் தாளைத் திருப்பினார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். நமக்கு மட்டும்தான் பரீட்சையா?

நண்பர்களே! எங்க வீட்டில் மூன்று தலைமுறை ஓட்டுப் போட்டிருக்கிறது. ஒரு தலைமுறைகூடக் கேள்வி கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. நமக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கையில் ஒரு டிப்ளமோ வரப்போகிறது. அதை வைத்து வேலை கேட்போம், சம்பளம் கேட்போம். அதோடு, கும்பிட்டு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பழமையோ புதுமையோ, அதில் எங்களுக்கு என்ன இடம் என்றும் கேட்போம்.

கேட்போம்! பதில் வரும்வரை கேட்போம்!